நெடுந்தீவு காட்டுக் குதிரைங்கள பாக்கணும், வேலூர்ல இருந்து எப்டி பிளான் பண்றது?

கோட்டை அகழி, சத்துவாச்சாரி:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் பக்கத்துல நெடுந்தீவுன்னு ஒரு தீவு இருக்காமே, அங்க குதிரைங்க யாருக்கும் சொந்தமில்லாம தானா மேஞ்சிக்கினு திரியுதுன்னு எம்பொண்ணு போன்ல வீடியோ பாத்துட்டு ஒரே பேச்சு. அவ ஆறாவது படிக்கறா, அவள ஏதாவது சொல்லி சமாளிச்சிடலாம். பிரச்சனை எங்க நைனா தான். அவரு அந்த காலத்துல இங்க ஜட்கா ஓட்டுனவரு, கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல இருந்து பஜார் வரைக்கும் சவாரி, அப்பறம் ஆட்டோ பெருகி போனதும் வண்டியையும் குதிரையையும் வித்துட்டாரு. இந்த வீடியோவ அவர்கிட்ட காட்டுனதுதான் தப்பா போச்சு, லாடம் அடிக்காத குதிரையா, குளம்பு என்னா கதி ஆவும், யாரு தண்ணி காட்டறது, மழைக்கு எங்க ஒதுங்கும்னு சோறு துன்னும்போது கூட கேட்டுக்கினே கீறாரு. கூட்டிக்கினு போய் காட்டிட்டா நிம்மதின்னு வீட்டுக்காரரும் சொல்லிட்டாரு.

இப்ப கேள்விக்கு வரேன். எனக்கும் அவருக்கும் பாஸ்போர்ட் இருக்கு, நைனாவுக்கும் பொண்ணுக்கும் இல்ல. நாகப்பட்டினத்துல கப்பல் விட்டிருக்காங்களே அது நல்லதா, இல்ல சென்னையில இருந்து பிளைட்டா? மேப்ல பாத்தா ராமேஸ்வரத்துக்கு எதிர்ல தான் கீது, அங்கருந்து போட்ல போக வழியே இல்லயா? எந்த மாசம் போனா குதிரைங்க கண்ணுல படும்? நைனாவுக்கு எழுவதுக்கு மேல ஆச்சு, சுகர் இருக்கு, நடப்பாரு ஆனா ரொம்ப தூரம் முடியாது. கிட்ட போய் தொட விடுவாங்களா? இதான் அவரு கேட்க சொன்ன முக்கியமான கேள்வி.

பாலாறு மணல், ராணிப்பேட்டை:

அக்கா, பாஸ்போர்ட் இல்லாமயே பாக்கலாம், நம்ம கோடியக்கரைக்கு போங்க. வேதாரண்யம் தாண்டி இருக்கற சரணாலயம், 1967ல வெளிமானுக்காக ஆரம்பிச்சது, ஆனா உள்ள காட்டுல மட்டக்குதிரைங்களும் கூட்டம் கூட்டமா இருக்கு. என்னிக்கோ மனுசங்க வளத்துட்டு விட்டுட்டு போனதோட வாரிசுங்க, இப்ப முழுக்க காட்டு வாழ்க்கைதான். தீவு இல்ல, அது உண்மை. தமிழ்நாட்டு கரை வடக்கு தெற்கா ஓடி வந்து திடீர்னு மேற்கால திரும்புற முனை அது, ஒரு பக்கம் வங்காள விரிகுடா இன்னொரு பக்கம் பாக் ஜலசந்தி, நடுவுல உப்பளமும் சதுப்பும், அதனால தீவுல நிக்கிற மாதிரிதான் தோணும்.

ரயில்ல போறதா இருந்தா திருப்பதி மன்னார்குடி பாமணி எக்ஸ்பிரஸ் நம்ம காட்பாடி, வேலூர் கண்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாத்தான் போவுது, வாரத்துல மூணு நாள் மட்டும். திருவாரூர்ல இறங்கி திருத்துறைப்பூண்டி போய்ட்டா அங்கருந்து வேதாரண்யம் வழியா அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 2023ல அகல பாதை திறந்துட்டாங்க, ஆனா அந்த ரயில் அடிக்கடி கிடையாது, டைம் ஒத்து வரலன்னா பஸ்ஸே மேல். இன்னொரு வழி நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வேளாங்கண்ணி வழி. வேளாங்கண்ணில தங்கிட்டு விடியறதுக்கு முன்னாடி கார் எடுத்து கிளம்புங்க, ஏன்னா வெயில் ஏறிட்டா வெளிமானும் சரி குதிரையும் சரி புதருக்குள்ள ஒண்டிக்கும், ஒம்பது மணிக்கு மேல போய்ட்டு ஒண்ணுமே இல்லன்னு திட்டிட்டு வர்றவங்க தான் ஜாஸ்தி.

மாசம்னா டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி. மழை முடிஞ்சு புல்லு இருக்கும், பூநாரைங்களும் வந்திருக்கும், உங்க பொண்ணுக்கு அது போனஸ். 2002ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல, சேத்த இடம் அது. 2018 நவம்பர்ல கஜா புயல் அங்கதான் கரை ஏறுச்சு, மரமெல்லாம் சாஞ்சு மானும் குதிரையும் நிறைய செத்து போச்சு, சிலது கடல்ல அடிச்சிட்டு போய் காரைக்கால் பக்கம் ஒதுங்குச்சு. அதுக்கப்பறம் காடு மறுபடி தழைச்சிட்டு வருது. வனத்துறைல கேட்டா கூட ஆள் அனுப்புவாங்க, கூட்டிட்டு போங்க, எந்த பக்கம் மேயுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு விஷயம் சொல்லிடறேன், அங்க குதிரைய எல்லாரும் கொண்டாடல. மானுக்கு இருக்கற புல்லை இதுங்க மேஞ்சிடுதுன்னு ஒரு கட்சி, இத்தனை வருசமா இருக்கறத எங்க துரத்தறதுன்னு இன்னொரு கட்சி. என் கணக்குல புல்லுக்கு பெரிய எதிரி சீமைக்கருவேலம் தான். சரி அது வேற சண்டை.

தீவகத்தான், யாழ்ப்பாணம்:

வணக்கம் அக்கா. நான் வேலணைப் பக்கம். அம்மான்ர வைத்தியத்துக்கெண்டு வேலூர் வந்து ஆஸ்பத்திரிக்கு முன்னால இருக்கிற லொட்ஜில தங்கின ஆள், அதால உங்கட ஊர் வெயிலையும் தெரியும், சனத்தின்ர நல்ல மனசையும் தெரியும். அதுக்காகவாவது ஒழுங்கா பதில் சொல்லவேணும்.

முதல்ல ராமேஸ்வரம் கதையை விடுங்கோ. அந்தக் காலத்தில தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடினது, 1964 புயலோட தனுஷ்கோடி போச்சு, பிறகு ராமேஸ்வரத்தில இருந்து கொஞ்சக் காலம் ஓடி அதுவும் எண்பதுகளில நிண்டுட்டுது. இப்ப ராமேஸ்வரத்தில இருந்து சனம் வாறது கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும்தான், அதுவும் வந்து அப்பிடியே திரும்பிப் போகவேணும், அங்க இருந்து நெடுந்தீவுக்குத் தாவேலாது.

நாகபட்டினத்தில இருந்து யாழ்ப்பாணக் கரையில இருக்கிற காங்கேசன்துறைக்கு வாற கப்பல் 2023 ஒக்டோபரில தொடங்கி, மழைக் காலத்தில நிண்டு, 2024 ஓகஸ்டில சிவகங்கை எண்ட கப்பலோட திரும்பத் தொடங்கினது. கடலில நாலு மணித்தியாலம் மட்டில. நவம்பர் டிசம்பரில கடல் குழம்பினா நிப்பாட்டிப் போடுவினம், அதால டிக்கெட் எடுக்கேக்க திகதியைப் பாத்து எடுங்கோ. ஐயாவுக்கு எழுவது தாண்டினதெண்டால் நான் சொல்லுறது பிளேன்தான். சென்னையில இருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலிக்கு ஒண்டேகால் மணித்தியாலம் மட்டில. இலங்கை விசாவை ஒன்லைனில அரசாங்கத் தளத்தில மட்டும் போடுங்கோ, அதே மாதிரி முகப்பு வைச்சுக் காசு பறிக்கிற தளங்கள் கனக்கக் கிடக்கு.

யாழ்ப்பாணத்தில ஒரு இரவு நிண்டு அடுத்த நாள் விடிய வெளிக்கிடவேணும். பண்ணைப் பாலத்தால வேலணை, பிறகு புங்குடுதீவு, கடைசியில குறிகட்டுவான் இறங்குதுறை. தீவுகளை இணைச்சுக் கடலுக்குள்ளால ரோட்டுப் போட்டிருக்கு, ரெண்டு பக்கமும் தண்ணி, பிள்ளைக்கு அந்தப் பயணமே பிடிக்கும். குறிகட்டுவானில நிண்டு பாத்தால் சனம் முழுக்க நயினாதீவுப் படகுக்குத்தான் நிக்கும், நாகபூசணி அம்மன் கோயிலுக்கு, அது கால் மணித்தியாலப் பயணம். நெடுந்தீவுப் படகு வேற, ஒரு மணித்தியாலம் போகும். மாறி ஏறிப்போடாதேங்கோ. காலமை போற படகையும் பின்னேரம் திரும்புற படகையும் முதல் நாளே விசாரிச்சு வையுங்கோ, ஏனெண்டால் கடைசிப் படகை விட்டால் அங்கதான் படுக்கவேணும், தங்குற இடம் குறைவு. இறங்கினதும் ஓட்டோ நிக்கும், நாள் முழுக்கப் பேசி எடுத்தால் ஐயா நடக்கத் தேவையில்லை.

குதிரையளைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தவையெண்டும் ஒல்லாந்தர் வளத்துப் பெருக்கினவையெண்டும் சொல்லுவினம். நெடுந்தீவுக்கு இங்கிலிஷில சொல்லுற டெல்ப்ட் எண்ட பேரும் ஒல்லாந்தர் தங்கட ஊர்ப் பேரை வைச்சதுதான், எங்களுக்கு எப்பவும் நெடுந்தீவு. அவங்கள் போனாப்பிறகு குதிரையள் தங்கட பாட்டில நிண்டுட்டுது. தெற்குக் கரையை அண்டின வெட்டவெளியில, பனை குறைஞ்ச புல்லுத் தரவையில கூட்டமா மேயும். மழைக்குப் பிறகு, தை மாசி பங்குனியில வந்தால் புல்லும் பச்சை, குதிரையும் கொழுப்பு. ஆடி ஆவணியில வாறேலை எண்டு சொல்லுங்கோ. நிலம் காய்ஞ்சு, குட்டை வத்தி, தண்ணியில்லாமச் சாகிற குதிரையளைப் பிள்ளை பாக்கவேண்டி வரும். அதோட தென்மேற்கால அடிக்கிற சோழகக் காத்தில படகு ஆடுற ஆட்டம் ஐயாவுக்கு ஒத்துவராது.

வந்தால் குதிரையோட மட்டும் திரும்பாதேங்கோ. வளவுக்கு வளவு மதில் முழுக்கக் கடல் முருகைக் கல்லை, அதுதான் பவளப் பாறைக் கல்லை, அடுக்கிக் கட்டினது, சாந்தே இல்லை. பெரிய பெருக்க மரம் (பாவோபாப்) ஒண்டு நிக்குது, உள்ளுக்க ஆள் போய் நிக்கலாம். ஒல்லாந்தர் கால இடிஞ்ச கோட்டை, புறாக்கூடு, மேற்குப் பக்கம் வெடியரசன் கோட்டை. இறங்குதுறைக்குக் கிட்டவே குமுதினி நினைவுத்தூபி இருக்கு, 1985 மே 15 குமுதினிப் படகில போய்க்கொண்டிருந்த எங்கட சனத்தைக் கடலில வைச்சு வெட்டினவங்கள். அதில ஒரு நிமிசம் நிண்டுட்டுப் போங்கோ.

குடியாத்தம் டு மேரிலாண்ட்:

நான் இருக்கற இடத்துலயும் இதே மாதிரி ஒரு தீவு, அசட்டீக். அட்லாண்டிக் கரையோரமா ஒல்லியா நீளமா ஓடுது, ஒரு பகுதி மேரிலாண்ட் இன்னொரு பகுதி வர்ஜீனியா, எல்லையில வேலி போட்டு குதிரைக் கூட்டத்தையும் ரெண்டா பிரிச்சு வெச்சிருக்காங்க. உங்க நைனாவோட தொடற கேள்விக்குத்தான் இத எழுதறேன்.

இங்க குதிரைக்கும் ஆளுக்கும் நடுவுல 40 அடி தூரம் இருக்கணும்னு ரூல். சும்மா பேச்சுக்கு இல்ல, அதுங்க கடிக்கும், உதைக்கும், டென்ட்டுக்குள்ள தலைய விட்டு சாப்பாட்டு பெட்டிய இழுத்துட்டு போவும். ஜனங்க பாவம்னு ஊட்டி ஊட்டி பழக்கி விட்டதால கார பாத்தா ரோட்டுக்கு வந்து நிக்க ஆரம்பிச்சு, அதுலயே அடிபட்டு செத்த குதிரைங்க உண்டு. தூரத்துல இருந்து பாத்தா வயிறு உப்பிப்போய் எல்லாமே சினையா இருக்கற மாதிரி இருக்கும். சினை இல்ல, உப்புத்தண்ணி ஏறுன சதுப்பு புல்ல தின்னு சாதா குதிரைய விட ரெண்டு பங்கு தண்ணி குடிக்குது, அந்த உப்பல் தான். அந்த தீனியில வளந்ததால உயரமும் நாலு அடிக்கு கொஞ்சம் மேலதான் நிக்குது.

வர்ஜீனியா பக்கத்து கூட்டம் சின்கோடீக் ஊர் தன்னார்வ தீயணைப்பு படைக்கு சொந்தம், வருசா வருசம் ஜூலை கடைசி புதன்கிழமை கால்வாய நீந்த வெச்சு இந்தாண்ட ஓட்டிட்டு வந்து மறுநாள் குட்டிங்கள ஏலம் விடுவாங்க, 1925ல இருந்து நடக்குது, அந்த காசுல தான் தீயணைப்பு வண்டி. மேரிலாண்ட் பக்கம் தேசிய பூங்காக்காரங்க கையில, அங்க ஏலம் கிடையாது, பெருகாம இருக்க பொட்டைக் குதிரைங்களுக்கு தூரத்துல இருந்து ஊசி எறிஞ்சு கருத்தடை மருந்து போட்டிருக்காங்க. எனக்கு ஏலத்த விட இந்த ஊசி முறை மேல்னு தோணும், ஆனா அந்த ஊர்க்காரங்ககிட்ட சொன்னா சண்டைக்கு வருவாங்க.

ஏலத்தப்போ போய் பாக்கறதுக்கு பதிலா செப்டம்பர் அக்டோபர்ல கூட்டமில்லாதப்போ போறவன் நான். கோடையில கொசுவும் பச்சைக்கண்ணு ஈயும் பிடுங்கி எடுத்துடும். சதுப்பு இருக்கற எந்த இடத்துக்கும் இது பொருந்தும், கோடியக்கரை போனாலும் பொண்ணுக்கு முழுக்கை சட்டை போட்டு கூட்டிட்டு போங்க.

செஞ்சிக்கோட்டை வாரிசு:

நம்ம ராணிப்பேட்டை பேரே தேசிங்கு ராஜா பொண்டாட்டி பேர்ல வந்ததுன்னு சொல்லுவாங்க. அந்த ராஜா குதிரை ஏறி சண்டைக்கு போய் செத்தே போனாரு. வடாற்காட்டுக்காரன் ரத்தத்துலயே குதிரை ஓடுது அக்கா, நைனாவ யாராலயும் நிறுத்த முடியாது, பேசாம டிக்கெட்ட போடுங்க. 😄

கோட்டை அகழி, சத்துவாச்சாரி:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். தீவகத்தான் தம்பி எழுதனத நைனாவுக்கு சத்தமா படிச்சு காட்டுனேன், தண்ணி இல்லாம சாவுதுன்ற எடத்துல எழுந்து போய்ட்டாரு, அப்பறம் வந்து "தொட்டி கட்டி வெக்க ஆள் இல்லயாமா"ன்னு கேக்கறாரு. நான் என்னா சொல்றது. 40 அடின்னு சொன்னதுக்கு சிரிச்சிட்டாரு, "கடிக்கற குதிரைய என்கிட்ட வந்து சொல்றாங்க பாரு"ன்னு. குளம்பு விஷயம் மட்டும் யாரும் சொல்லல, அதுக்கு பதில் வராம அவரு தூங்க மாட்டாரு போல.

பொய்கை சந்தை, கால்நடை ஆள்:

குளம்புக்கு நான் சொல்றேன், மாட்டு வைத்தியம் தான் நமக்கு பொழப்பு, செவ்வாக்கிழமை ஆனா பொய்கை சந்தைல தான் இருப்பேன், ஆனா குதிரையும் கொஞ்சம் தெரியும்.

லாடம் எதுக்கு அடிக்கறோம்? ஜட்கா குதிரை நாள் பூரா தார் ரோட்டுல பாரம் இழுக்கும், குளம்பு வளர்ற வேகத்த விட தேயற வேகம் ஜாஸ்தி, அதுக்குத்தான் இரும்பு. காட்டுல மேயற குதிரைக்கு முதுகுல பாரம் கிடையாது, புல்லையும் தண்ணியையும் தேடி நாளெல்லாம் நடக்குது, நடக்கற தரைல குளம்பு வளர வளர அதுவே தேஞ்சிக்கும். நெடுந்தீவு மாதிரி முருகைக்கல் தரைன்னா அரம் போட்டு தேச்ச மாதிரிதான். சேத்து நிலம்னா தேய்மானம் கம்மி, குளம்பு நீண்டு ஓரம் வெடிச்சு தானா உடைஞ்சு விழும். பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா பெரும்பாலும் நொண்டாது. நொண்டுறது கூட்டத்தோட ஓட முடியாம பின்தங்கி ரொம்ப நாள் நிக்காது, அது காட்டு கணக்கு. பெரியவர் போனா பைனாகுலர் ஒண்ணு வாங்கி கழுத்துல மாட்டி விடுங்க, குளம்ப அதுலயே பாத்துக்கட்டும்.

அவரு கைய நீட்டி கூப்புடுவாரு, அது எனக்கு தெரியும், ஜட்காக்காரங்க எல்லாம் அப்டித்தான். கூட்டத்துக்கு ஒரு ஆண் குதிரை காவல் இருக்கும். அது காத மடிச்சு பின்னால படுக்க வெச்சா, இல்ல தலைய தாழ்த்தி நீட்டிக்கிட்டு உங்க பக்கம் நடந்து வந்தா, அதுக்கு அர்த்தம் அவருக்கே தெரியும், வீட்டுக் குதிரைக்கும் அதே பாஷை தான். குட்டிக்கும் தாய்க்கும் நடுவுல மட்டும் யாரும் போகக்கூடாது, பொண்ண கைய பிடிச்சு வெச்சிக்கோங்க. வெல்லம், கேரட், கொள்ளு எதுவும் மூட்டை கட்டிக்கிட்டு போவாதீங்க. பழக்கமில்லாத தீனி திடீர்னு உள்ள போனா குதிரைக்கு வயித்து வலி வரும், குதிரையால வாந்தி எடுக்க முடியாது, அதுலயே சாவும். இது பெரியவருக்கும் தெரியும், கேட்டு பாருங்க.

கோட்டை அகழி, சத்துவாச்சாரி:

கேட்டேன் அண்ணா. "சூலை வந்து ராத்திரி முழுக்க நடத்திக்கினே இருந்திருக்கேன்"னு அவரோட பழைய குதிரை கதைய ஆரம்பிச்சு பத்து மணி வரைக்கும் விடல. கொள்ளு எடுத்துக்கினு போற எண்ணம் இருந்துச்சு போல, இப்ப அத பத்தி பேச்சே இல்ல.

சரி, வீட்ல பேசி இப்டி முடிவு பண்ணிருக்கோம். பொங்கல் லீவுல முதல்ல கோடியக்கரை, வேளாங்கண்ணில தங்கி காலைல போறது. அதுல நைனா உடம்பு எப்டி தாங்குதுன்னு தெரிஞ்சிடும். அதுக்குள்ள வேலூர் தலைமை தபால் ஆபீஸ்ல இருக்கற பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துல ரெண்டு பேருக்கும் அப்ளை பண்ணிடறோம், நைனாவுக்கு பிறந்த தேதி ஆதார்ல ஒண்ணு ரேஷன் கார்டுல ஒண்ணு, அத வேற சரி பண்ணணும். பாஸ்போர்ட் வந்துட்டா பங்குனிலயே நெடுந்தீவு, பிளைட்ல, இல்லன்னா அடுத்த தை மாசம் தான். வீட்டுக்காரர் கப்பல் கப்பல்னு ஒரே பிடிவாதம், அவர மட்டும் நாகப்பட்டினத்துல ஏத்தி விட்டுடலாமான்னு யோசிக்கறேன்.

தீவகத்தான் தம்பி, கடைசியா ஒண்ணு. குறிகட்டுவான்ல படகுல ஏறுறது எறங்குறது வயசானவங்களுக்கு கஷ்டமா? ஏணி மாதிரி ஏதாவது இருக்கா?

தீவகத்தான், யாழ்ப்பாணம்:

ஏணி இல்லை அக்கா, இறங்குதுறையில இருந்து நேரா படகுக்குள்ள காலை வைக்கவேணும், அலை இருந்தால் படகு ஏறி இறங்கும். ஆனால் படகுப் பெடியள் ரெண்டு கையாலயும் பிடிச்சு இறக்குவாங்கள், எங்கட ஊர்க் கிழவியள் எல்லாம் மூட்டையோட போய் வருகினம். ஐயாவை வெறுங்கையோட விடுங்கோ, பையை நீங்கள் தூக்குங்கோ. சுகர் மருந்தையும் சாப்பாட்டையும் கையில கொண்டு போங்கோ, தீவில கடை குறைவு, குடிதண்ணியும் யாழ்ப்பாணத்திலேயே வாங்கி வைச்சுக்கொள்ளுங்கோ. சனி ஞாயிறைத் தவிர்த்து வேலை நாளில வாங்கோ, படகில இருக்க இடம் கிடைக்கும். கப்பலில வாறவரையும் காங்கேசன்துறையில இருந்து கூட்டிவர ஆளிருக்கு, யோசிக்கவேண்டாம்.